பன்னிரண்டில் ஒரு ஷீட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எழுத எதுவும் சிக்காத எரிச்சலில் பிறந்த கதை இது. மகளின் அறை சீலிங்கை உடைத்து உயர்த்த நினைத்தோம். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைத்தால் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள். பரிசோதகரை வரவழைத்தேன். 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று அவர் கையெழுத்தோடு அறிக்கை வந்தது. நிம்மதிதான். ஆனால் நிம்மதியை வைத்து என்ன கதை எழுதுவது?

2

'வானம் இருண்டு கிடந்த அந்தக் காலையில், கனத்த மனதோடு அவர்...'

(கனத்த மனமா? மனுஷன் சீட்டியடித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.) சரி, கண்ணால் பார்த்ததையே எழுதுகிறேன்.

பரிசோதகர் கதவோரம் ஏணியைச் சாய்த்தார். கைக்கு எட்டிய ஷீட்டைத் தூசி பறக்காதபடி தண்ணீர் தெளித்து நனைத்தார். நகமளவு துண்டு வெட்டி, பைக்குள் பை போட்டு மூடி, ஓட்டையையும் அடைத்தார். பன்னிரண்டு ஷீட்டில் அதற்கு மட்டும் ஸ்க்ரூ. மற்ற பதினொன்றுக்கும் ஆணி. "எல்லாம் ஒரே சரக்குதான் சார், ஒரு துண்டு போதும்" என்றார்.

[இங்கே தச்சர் வரும் பத்தியை வெட்டிவிட்டேன். கதைக்குத் தேவையில்லை.]

3

பரிசோதகர் பாத்திரம் சப்பென்று இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம். தொழில் விவரமாவது சரியா என்று பார்க்க, அவரையே கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்துப் படிக்கக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தினார்.

"இந்த ஸ்க்ரூ உங்க கற்பனையா சார்?"

"இல்லியே. வந்து பாருங்க."

அறை வாசலில் நின்று ஸ்க்ரூவைப் பார்த்தார். அப்புறம் நடு ஷீட்டைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"இதுக்கு மட்டும் ஸ்க்ரூன்னா, நான் எடுத்தது பின்னாடி மாத்தின ஷீட் சார். மத்த பதினொண்ணுதான் பழசு. அதுல ஒண்ணைக்கூட நான் தொடல. என் தப்புதான்... நடுவுல இது எப்ப உடைஞ்சுது?"

4

வெட்டிய பத்தி இதுதான்:

'அறிக்கை வந்த தைரியத்தில் நேற்று தச்சர் வந்து, எவ்வளவு கெட்டி என்று பார்க்க, நடு ஷீட்டில் சுத்தியலால் இரண்டு போடு போட்டார். ஏணியைப் பிடித்திருந்த மகளின் தலையெல்லாம் வெள்ளை. "அப்பா, நான் கிழவியாயிட்டேன்" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.'

5

அறையைப் பூட்டியாயிற்று. பரிசோதகர் பழைய ஷீட்டில் துண்டு எடுத்துப் போயிருக்கிறார். இந்த முறை சீட்டி இல்லை. முடிவு வியாழக்கிழமை வரும். எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றைக் காட்டினால் மற்றது நடந்துவிடுமோ என்று கை வரவில்லை.

மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "கதை முடிஞ்சுதாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

நீங்கள் மனதுக்குள் ஏதாவது முடிவு வைத்திருந்தால், தயவுசெய்து நல்லதாகப் பார்த்து வையுங்கள்.