நாகலாபுரம் ஒன்றாம் கிணறு

தங்கசாமியின் அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். மண்ணியல் படித்த மகன் அதைக் கவனிக்காமல் அரசு எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்து அசாமுக்குப் போனதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. "சர்க்கார் சம்பளத்துக்கு எவனாச்சும் ஊரு ஊராப் போயி மண்ணைத் தோண்டுவானாலே?" என்று கேட்பார். தங்கசாமிக்கு அது வெறும் சம்பளமாகத் தெரியவில்லை. இந்த நாட்டில் எண்ணெய் கிடையாது என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் கையை விரித்த பிறகு அரசாங்கமே தொடங்கிய கம்பெனி அது. கடலுக்கு நடுவில் கூட எண்ணெய் எடுத்துக் காட்டிய கம்பெனி. அவர் சேர்ந்த காலத்தில் அங்கே வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுந்து கை கொடுப்பார்.

இருபது வருஷத்துக்கு மேல் வெளி மாநிலங்களில் அலைந்தவருக்கு, தொண்ணூற்றாறில் சொந்த மாவட்டத்திலேயே வேலை வந்தது. கரிசல் காட்டில் வரிசையாகத் துளை போட்டு, சின்னச் சின்ன வெடி வைத்து, அதிர்வு அடியில் போய்த் திரும்புவதைக் கருவியில் பதியும் ஆய்வு. நாகலாபுரத்துக்குத் தெற்கே ஓர் இடத்தில் பூமிக்கடியில் பாறை கவிழ்த்த சட்டி போல வளைந்திருப்பது தெரிந்தது. எண்ணெய் தங்க ஏற்ற இடம் அது என்று அவர் நம்பினார். சென்னையிலும் தலைமை அலுவலகத்திலும் போய் மன்றாடி ஒரு கிணற்றுக்கு அனுமதி வாங்கினார்.

அந்த இடம் மாயகிருஷ்ணக் கோனாருடைய புஞ்சை. அப்பா காலம்வரை ஆட்டுக்கிடை போட்டுத் திரிந்த குடும்பம்; ஆடு விற்று வாங்கிய நிலம் அது. மழை பெய்த வருஷம் உளுந்தும் மிளகாயும் போடுவார். பெய்யாத வருஷம் ஆடுகள்தான். குத்தகைக்கு நிலம் கேட்டு ஜீப்பில் வந்த அதிகாரிகளிடம் அவர் வாயே திறக்கவில்லை. தங்கசாமியை மட்டும் தனியாக வரப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, நீங்க நம்ம கோவில்பட்டிக்காரரு. இதுக்குக் கீழ நெசமாவே எண்ணெய் கெடக்கா?"

"கெடக்கும்னுதான் நினைக்கேன், கோனாரே. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"கெடந்துச்சுன்னா?"

"இந்தச் சுத்துப்பட்டே மாறிரும். உங்க மகனுக்கு வேலைக்குக் கேட்டுப் பாப்பேன்."

"கெடக்கலைன்னா?"

"நெலத்தை முன்ன இருந்தபடியே ஆக்கிக் கையில தந்துருவோம். அது கம்பெனி சட்டம்."

கோனார் சம்மதித்தார். லாரி லாரியாகச் சரள் வந்து கரிசல் மேல் கொட்டப்பட்டது. நடுவில் கான்கிரீட் தளம் போட்டார்கள். பக்கத்தில் துளையிலிருந்து வரும் சகதிக்கும் ரசாயனத் தண்ணீருக்கும் பெரிய குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் கம்பி வேலி கட்டினார்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருந்த கோனார் மகன் மாரிராஜுக்கு ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்தது. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு துளை போடும் ரிக் கோபுரத்தில் அவன் ஏறுவதைக் கோனாரின் மனைவி ராதாமணி தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

தொண்ணூற்றெட்டு கார்த்திகையில் வாயு வந்தது. சோதனைக்காகக் குழாயைத் திறந்ததும் ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. நாகலாபுரத்திலிருந்து ஜனங்கள் வயலை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மாயகிருஷ்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமிக்கு முன்னால் நிற்பது போல நின்றார். தங்கசாமிக்குக் கண் கலங்கியது. அப்பா உயிரோடு இருந்தால் கூட்டிவந்து காட்டியிருக்கலாம் என்று நினைத்தார்.

சாயங்காலத்துக்குள் தீ சுருங்கிப்போய் அணைந்தது. மறுபடி திறந்தார்கள். உப்புத் தண்ணீர்தான் வந்தது.

"இது மேல் அடுக்கு. நாம தேடுறது இதுக்குக் கீழே இருக்கு. இன்னும் ஆழம் போகணும்" என்று தங்கசாமி சென்னைக்குப் போன் செய்தார். கோனார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலதிகாரி சலிப்போடு பேசினார். "தங்கசாமி, உலகம் பூரா எண்ணெய் விலை தரையில கிடக்கு. நாம கண்டுபிடிச்ச நல்ல எண்ணெய் வயலை எல்லாம் தனியாருக்குத் தூக்கிக் கொடுத்தாச்சு. மிச்சம் வர்ற லாபத்தை டெல்லி எடுத்துக்குது. அணைஞ்சுபோன கிணத்துக்கு இன்னும் செலவு பண்ணுன்னு எவன் கையெழுத்துப் போடுவான்? ரிக்கைக் கழட்டிருங்க."

"சார், இன்னும் கொஞ்சம் ஆழம் போனா…"

"கழட்டிருங்க."

பொங்கலுக்கு முன்பே ரிக் போய்விட்டது. கிணற்று வாயைச் சிமெண்டால் அடைத்து, இரும்பு மூடி போட்டு, 'நாகலாபுரம்–1' என்று பொறித்தார்கள். சரளை அள்ளவும் குழியை மூடவும் தனியாக ஒப்பந்தம் விடுவார்கள் என்றார் தங்கசாமி. அவரும் அதை நம்பித்தான் சொன்னார். ஆனால் இரண்டு மாதத்தில் உள்ளூர் அலுவலகத்தை மூடிவிட்டு அவரை மறுபடியும் அசாமுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம் சென்னையில் வேறு வேறு ஆட்கள் எடுத்தார்கள். நாகலாபுரம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். மாரிராஜ் திருப்பூருக்குப் பிழைக்கப் போனான்.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் ஒருநாள் அசாமுக்குப் போன் வந்தது. திருப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்த மாரிராஜ் பேசினான்.

"சார், வேலிக் கம்பியை எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். தண்ணி இல்லாம அலைஞ்ச ஆடெல்லாம் அந்தக் குழியில எறங்கி, தார்ப்பாய்ல தேங்கிக் கெடந்த மருந்துத் தண்ணியைக் குடிச்சிருக்கு. எல்லாம் போச்சு சார்."

தங்கசாமி லீவு போட்டு வந்து சேர்ந்தபோது ஆடுகளைப் புதைத்து முடித்திருந்தார்கள். பட்டி வெறுமையாகக் கிடந்தது. ராதாமணி அவரை உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க அண்ணாச்சி. கம்பெனி வந்துட்டுதா?"

அவர் காலியான பட்டியின் படலைச் சாத்தி வைத்தார்.

"குழியை மண்ணு போட்டு மூடிருங்கன்னு நானும் எத்தனை மட்டம் சொன்னேன் தெரியுமா? கேட்டாவளா இவிய? கம்பெனிக்காரவுக திரும்பி வந்தா வேணும்னு சொல்லி வச்சிருந்தாவ. பிள்ளை மாதிரிக் காத்துக் கெடந்தாவ."

மாயகிருஷ்ணன் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதான இன்னும் ஆழம் போகணும்னு சொன்னீங்க அண்ணாச்சி. வந்தா மறுபடி குழி வெட்ட வேண்டாம்லா. அதான் விட்டு வச்சேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதைத்தான் தங்கசாமியால் தாங்க முடியவில்லை. தம்முடைய வாயிலிருந்து வந்த ஒரு சொல் இந்த மனிதருக்குள் வேர்விட்டு வளர்ந்து, அவருடைய ஆடுகளையெல்லாம் தின்றுவிட்டது என்று பட்டது.

மறுநாளே ஆள் வைத்துக் குழியை மூடினார். சரளையும் கான்கிரீட்டையும் பெயர்க்கப் பெரிய இயந்திரம் வேண்டும்; அது அவரால் ஆகாது. கோனாரை அழைத்துக்கொண்டு சென்னை அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடியில் அவருடைய பழைய பிரிவு இருந்த இடத்தில், கம்பெனிப் பங்குகளை விற்கும் வேலைக்காக வந்திருந்தவர்கள் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அந்தப் பகுதியை ஏலத்துல ஒரு தனியார் கம்பெனி எடுத்துட்டாங்க. கிணறும் அதோட போயிருச்சு."

"அப்ப அவங்களைப் பாக்கணுமா?"

"அவங்க வந்து பாக்காமலே போன வருஷம் திருப்பிக் கொடுத்துட்டாங்க. இப்ப யார் பொறுப்புன்னு டெல்லியிலதான் சார் கேக்கணும்."

டெல்லிக்கும் கேட்டுப் பார்த்தார். கேட்டுக்கொண்டே ஓய்வும் பெற்றார். கடைசி நாளில் மாலை போட்டு, தட்டில் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பேசியவர்களில் பாதிப் பேருக்கு அவர் எந்த ஊர் என்றே தெரியாது.

கோவில்பட்டிக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருக்கும். ராதாமணி பஸ் ஏறி அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். காற்றாலைக்காரர்கள் புஞ்சையைக் கேட்கிறார்களாம். கான்கிரீட் தளத்தோடு அப்படியே எடுத்துக்கொள்கிறோம், கிரேன் நிறுத்த வசதி என்கிறார்களாம். கோனார் முடியாது என்று விரட்டிவிட்டாராம்.

"உழவும் முடியாத நெலத்தை வச்சி என்ன செய்யுதுக்கு? நீங்க சொன்னாத்தான் அவிய கேப்பாவ. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி."

"என்ன சொல்ல?"

"ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லுங்க."

தங்கசாமி அவளோடு பஸ் ஏறினார். கவிழ்த்த சட்டி போன்ற அந்தப் பாறை இப்போதும் அவர் கண்ணுக்குள் இருந்தது. அடியில் எண்ணெய் இருக்கிறது என்று அவர் இன்னும் நம்பினார். வாழ்நாள் முழுவதும் பார்த்த வேலையில் அவருக்கு மிஞ்சியது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

கோனார் புஞ்சையில்தான் இருந்தார். சரளுக்குள் முளைத்த சீமைக்கருவேலங்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாக வற்றியிருந்தது.

"கோனாரே, நெலத்தை அவங்களுக்குக் கொடுத்துருங்க."

"கொடுத்துட்டா? கம்பெனி வந்தா?"

"வராது."

"எண்ணெய் கெடக்கையில எப்படி வராம இருப்பாவ?"

"எண்ணெய் இல்ல, கோனாரே. நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். கீழ வெறும் பாறைதான்."

ராதாமணி கணவரின் முகத்தையே பார்த்தாள். அவர் கையிலிருந்த கன்றைத் தூர எறிந்துவிட்டு, வந்தவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். தம்மைவிட இளையவனிடம் சிரிப்பது போல, இரக்கமாக.

"இவ வந்து அழுததுக்காகச் சொல்லுதீங்க. இல்லைன்னா ரிட்டயர் ஆன வெறுப்புல சொல்லுதீங்க. எனக்குத் தெரியாதா? அன்னைக்கி நீ எரிஞ்சதை நான் கண்ணால பாத்தேன்லா."

கடைசி வாக்கியத்தை அவர் தங்கசாமியிடம் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கோனாரே, எம் பிள்ளைக மேல சத்தியமாச் சொல்லுதேன்…"

"சத்தியமெல்லாம் எதுக்கு? வெயில் ஏறுது. பஸ்ஸைப் பிடிங்க அண்ணாச்சி."

ராதாமணி அங்கேயே சரள் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

காற்றாலைக்காரர்கள் பக்கத்துப் புஞ்சையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆடியில் ராதாமணி மகனோடு இருக்கத் திருப்பூருக்குப் போனாள். கணவரை எவ்வளவோ கூப்பிட்டும் அவர் போகவில்லை. தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஊரில் இருந்தார். தங்கசாமி அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நாகலாபுரத்து ஆட்கள் யாராவது கோவில்பட்டி மார்க்கெட்டில் தென்பட்டால் மட்டும் கேட்பார்.

"இருக்காரு" என்பார்கள். "ரோட்டுல ஜீப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னு பாக்காரு. தேர்தல் ஜீப்பு, பேங்கு ஜீப்பு, எது போனாலும் சரி. அது போன பெறவு உக்காந்துருதாரு."