தேர் வெளிச்சத்துப் பற்றரி

அஜந்தினியின் காருக்கு எந்தப் பற்றரி போடுவது என்று தீர்மானிக்க, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவள் வீட்டில் மூன்று ஆண்கள் கூடினார்கள். மூவரில் ஒருவர்கூட அந்தக் காரின் கண்ணாடியில் ஒருநாளும் பனி சுரண்டியவர் இல்லை.

விஷயம் சின்னதல்ல. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம், அவர்கள் இருக்கும் டென்மார்க்கின் பிராண்டே ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர். காலை ஆறே முக்காலுக்கு அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்தில் பேருந்தும் இல்லை, ஏற்றிப்போக ஆளும் இல்லை. வேலையின் மூன்று மாதத் தகுதிகாண் காலம் திங்களோடு முடிகிறது. பழைய பற்றரி படுத்துவிட்டதால் இரண்டு தரம் பிந்திப்போயிருந்தாள். பொறுப்பாளர் பெண் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே "மூன்றாம் தரம் வேண்டாம்" என்றாள். டெனிஷ்காரர் சிரித்துச் சொன்னால் அது முத்திரை குத்தினது மாதிரி.

கூட்டத்தின் தலைவர் அவள் புருஷன் சிறீஸ்கந்தராசா. அவர் வேலை செய்யும் தொழிற்சாலை வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. நிபுணர், கோயிலுக்கு லைற்றும் ஸ்பீக்கரும் கட்டுகிற பாலேந்திரா அண்ணை. மூன்றாவது ஆள் றொபேர்ட். பெந்தெகொஸ்தே சபைக்காரன், தேத்தண்ணிக்கு வந்தவன்.

"கடைக்குப் போய் ஏமாறாதை, சிறி," என்றார் பாலேந்திரா. "என்னட்டை நூறு ஆம்பியர் பற்றரி கிடக்கு. கரவனுக்கு, காருக்குப் பின்னால கொழுவி இழுக்கிற வீட்டு வண்டிக்குப் போடுறது. போன ஆவணியில தேர் லைற் முழுக்க அதிலதான் எரிஞ்சது. ஒரு பல்ப் மங்கேல்லை. அம்மாளின்ர தேரை இழுத்த பற்றரி உன்ர காரை இழுக்காதோ?"

அஜந்தினி கோப்பைகளை வைத்தாள். "தேரை இழுத்தது பற்றரியோ அண்ணை? நாங்களெல்லோ இழுத்தனாங்கள். அது சும்மா லைற் எரிச்சது."

றொபேர்ட் வெடித்துச் சிரித்தான். புருஷனுக்கு முகம் சுருங்கியது. "நீர் தேத்தண்ணியைக் குடும்," என்றார் அவளிடம்.

"பழைய பற்றரியில என்ன எழுதிக்கிடக்கெண்டு ஒருக்காப் பாப்பமே?" என்றாள் அவள்.

"செத்ததின்ர சாதகத்தை ஏன் பாக்கிறீர்?"

பாலேந்திராவின் வான் வண்டியிலிருந்து பற்றரி வந்து மேசைமேல் ஏறியது. சிறீஸ்கந்தராசா தூக்கிப் பார்த்தார். நல்ல பாரம். பாரமான சாமான் நல்ல சாமான் என்பது அவர் கொள்கை. தங்கத்துக்கும் பலாப்பழத்துக்கும் சரியாக வந்த கொள்கை. றொபேர்ட் குனிந்து எழுத்தைப் படித்தான். "எனக்குத் தேரில நம்பிக்கை இல்லை. ஆனா மேட் இன் ஜேர்மனி எண்டு கிடக்கு. ஜேர்மன்காரனில நம்பிக்கை இருக்கு." இப்படி இரண்டு சமயங்களும் அன்று ஒன்றுபட்டன.

பிறகு எத்தனை மணிக்குப் பூட்டுவது என்ற பிரச்சினை. ராகு காலம் யாழ்ப்பாண நேரத்துக்கோ டென்மார்க் நேரத்துக்கோ என்று அரைமணிநேரம் போனது. ஒருவழியாக மத்தியானம் பூட்டினார்கள். பற்றரி அதன் தட்டுக்குள் இறங்கவில்லை. பாலேந்திரா கயிற்றால் இறுக்கிக் கட்டினார். வெளியே வெயில், பனி கரைந்து வழிந்தது. திறப்பைத் திருகியதும் கார் இயங்கியது. மூவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு விடிய குளிர் மைனஸ் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. புருஷன் கோயில் கூட்டத்துக்கு இன்னொருவர் காரில் போனபிறகு, அஜந்தினி திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாளைக்குத் தெரியவருவதை இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

கார் ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை டிக் என்றது. மூன்றாம் முறை அதுவும் இல்லை. உள்ளே லைற் மட்டும் தேர்த்திருவிழா மாதிரி எரிந்தது.

அவள் அழவில்லை. காற்றாலைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் போல்ற் முறுக்கி, ஆட்குறைப்பில் வெளியே வந்து, நாற்பத்திமூன்று வயதில் பள்ளிக்கூடம் போய்ப் பராமரிப்பு படித்தவள். பழைய பற்றரியின் எழுத்தைப் படம் பிடித்தாள். சில்லு வைத்த சந்தைப்பையை இழுத்துக்கொண்டு ஹெர்னிங்குக்கு ரயில் ஏறினாள்.

கார்ச்சாமான் கடையில் மூக்கில் வளையம் போட்ட ஒரு பெட்டை நின்றாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: காரின் இலக்கம் என்ன? கம்பியூட்டரில் தட்டினாள்; படத்தையும் பார்த்தாள். கரவன் பற்றரி மெதுவாக, நெடுநேரம் கொடுப்பதற்கு; குளிரில் இறுகின எஞ்சினுக்கு ஒரே உதை வேண்டும், அந்த உதையின் அளவு இந்தக் கீழ் இலக்கம், எழுநூற்றிருபது என்று படத்தில் தொட்டுக் காட்டினாள். "உங்கள் கார் சிவப்பு விளக்கில் தானாக நின்று தானாக இயங்குவது. அதற்கென்று செய்த வகையைத்தான் போடவேண்டும்." எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். ராகு காலம் பார்க்க எடுத்ததில் எட்டில் ஒன்று.

வாங்கிய பற்றரி இருபது கிலோ. ரயிலில் ஏற்றும்போது ஒரு டெனிஷ் கிழவர் கைகொடுக்க வந்தார். "பரவாயில்லை, உங்களைவிடப் பாரமான ஆட்களைத் தினமும் தூக்குகிறேன்" என்றாள். கிழவர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் கயிற்றை வெட்டினாள். பத்தாம் நம்பர் ஸ்பானரால் முதலில் மைனஸைக் கழற்றினாள், பிறகு பிளஸை. புதியது தட்டுக்குள் அளவாக உட்கார்ந்தது. முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். திறப்பைத் திருகினாள். ஒரே உதை. தேர்ப்பற்றரியைத் தூக்கிக் கொட்டிலுக்குள் வைத்தாள். புருஷன் வந்தபோது அவள் அடுப்பில் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் காரின் பக்கம் திரும்பாமலே கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

திங்கள் மைனஸ் பதின்மூன்று. ஆறரைக்கே இல்லத்தின் வாசலில் நின்றாள். பத்து மணிக்குப் பொறுப்பாளர் கூப்பிட்டுத் தாளை நீட்டினாள். நிரந்தர வேலை. கையெழுத்து வைத்துவிட்டு நடைபாதைக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது; புருஷன்.

"கார் இழுத்ததோ?"

"ஓம், ஒரே திருகில."

"நான் சொன்னனானெல்லோ! பாலேந்திரா அண்ணையும் இஞ்சைதான் நிக்கிறார். றொபேர்ட்டும் அதேமாதிரி ஒண்டு வாங்கப்போறானாம்."

"வேலை நிரந்தரமாக்கிப்போட்டினம்," என்றாள் அவள்.

"அம்மாளின்ர காவல்! எல்லாம் அந்தப் பற்றரி செய்த வேலை."

"அப்ப றொபேர்ட் அண்ணை புதுசா வாங்கத் தேவையில்லை. கொட்டிலுக்கை கிடக்கிறதைக் கொண்டுபோய்ப் பூட்டச் சொல்லுங்கோ. ஆனா லைற் எரிக்க மட்டும் பாவிக்கட்டும்."

புருஷன், பாலேந்திராவுக்குக் கேளாதபடி குரலைத் தாழ்த்தி, "எது கொட்டிலுக்கை கிடக்கு?" என்றார்.

ஏழாம் அறையின் மணி அடித்தது. தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவியைக் கட்டிலிலிருந்து எழுப்பவேண்டும். அஜந்தினி போனைப் பைக்குள் போட்டுக் கையுறையை மாட்டினாள்.