பதினாறு பாதையில் ஒன்று

திரையில் அந்த மலைவீட்டின் கதவு திறக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. இந்து காத்திருந்தாள். கதவு இன்னும் ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் நின்றது. மூலையில் பச்சை எழுத்தில் ஓர் எண்: 4. நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டிய இடத்தில் நான்கே நான்கு.

மணி எட்டேகால். பதினொன்றுக்குக் கொச்சியிலிருந்து அழைப்பு வரும்.

"இன்னும் நொண்டுதா?" என்று கேட்டபடி அவள் கணவன் ஜெகன் காப்பி டம்ளரை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நொண்டுனாக்கூடப் பரவால்லீங்க. தவழுது."

"தவழ்ற பிள்ள பதினோரு மணிக்குள்ள ஓடாதா?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீடு எங்குமே இல்லாத வீடு. இன்னும் கடைக்கால்கூடத் தோண்டவில்லை. கொச்சியில் உள்ள ஒரு கம்பெனி, கட்டப்போகும் ரிசார்ட்டுகளைக் கம்ப்யூட்டரிலேயே கட்டி, வாங்க வருகிறவர்களை அதற்குள் நடக்கவிட்டுக் காட்டுகிறது. அந்த வேலைக்கு இந்து மனுப் போட்டிருந்தாள். கொடுத்த வரைபடத்தை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைச் சரிவு வரைக்கும் ஒவ்வொன்றாகச் செய்தாள். இன்று அதற்குள் நடந்து காட்ட வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பதால் சொந்த மெஷினில், நேரடியாக, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வீடியோ எடுத்து அனுப்பினால் செல்லாது.

வேலை கிடைத்தால் ஜெகன் மலைக்குப் போக வேண்டாம். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

ஜெகனின் அம்மா ராமுத்தாய் மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. ஓய்வு வந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். வீட்டு ஆள் யாராவது எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுத்தால் மட்டும் தொடர்ந்து இருக்கலாம். தம்பி அருண்பாண்டி பன்னிரண்டாவது படிக்கிறான். பேர் கொடுக்க ஜெகனை விட்டால் ஆள் இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

பாலக்காட்டு எல்லையில், மீனாட்சிபுரத்தில் இவர்கள் இருப்பது ஒற்றை அறை. ஜெகன் பால் வண்டி ஓட்டுகிறான். இந்து பக்கத்துச் சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாரம் மூன்று நாள் பாடம் எடுக்கிறாள். கொச்சி வேலை வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்கும் பெரிய வீட்டை எடுத்து, அம்மாவையும் தம்பியையும் கூட்டி வந்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். வராவிட்டால் அவன் மேலே, அவள் கீழே. அவளும் கூடப் போகலாம்தான். ஆனால் எஸ்டேட்டின் அந்த டிவிசனில் போன் பேசவே பாறைமேல் ஏற வேண்டும். அங்கே போனால் அவள் கற்றதையெல்லாம் துணிபோல மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

நேற்று மத்தியானத்திலிருந்து அவள் செய்யாத வைத்தியம் இல்லை. கேரளப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்று முதலில் தொட்டதே லினக்ஸ்தான்; விண்டோஸ் என்று வேறு ஒன்று உண்டு என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதன் நெளிவு சுளிவு தெரியும் என்ற தைரியம் இருந்தது. படத்தை உண்மையிலேயே கிராபிக்ஸ் கார்டுதான் வரைகிறதா என்று பார்த்தாள். அதுதான் வரைந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தாள். லினக்ஸின் பழைய கர்னலில் கம்ப்யூட்டரைக் கிளப்பிப் பார்த்தாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டு தூங்கிவிடுகிறதோ என்று, முழு வேகத்தில் ஓடச் சொல்லிக் கட்டளை போட்டாள். சூடு ஏறுகிறதா பார்த்தாள். கார்டு குளத்துத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நிற்பாள். நான்கு. சில சமயம் ஐந்து.

"கார்டே கோளாறா இருக்குமோ? சின்னையன் நல்லாருக்குன்னு ஓட்டிக் காட்டித்தான குடுத்தான்?" என்றான் ஜெகன். சின்னையன் சித்தூரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்பவர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இந்த நேர்காணலுக்கென்றே ஜெகன்தான் அவரிடம் போய் அந்தக் கார்டை வாங்கி, எப்படி மாட்டுவது என்றும் கற்றுக்கொண்டு வந்தான். நேற்று விஜயதசமியன்று காலையில் பூஜையிலிருந்து எடுத்து மாட்டியதும் அவன்தான். மாட்டுறது என் வேல, ஓட்டுறது உன் வேல என்று சொல்லிக் கிட்டேகூட வரவிடவில்லை.

"தெரியலீங்க. எனக்கு ஒன்னுமே தெரியலை," என்றாள்.

ஒன்பதரைக்கு ஜோபியைக் கூப்பிட்டாள். கல்லூரியில் கூடப் படித்த மலையாளி. இப்போது கொச்சியில் வேலை.

"எடீ, டிரைவரை விடு," என்றான் ஜோபி, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு. "கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல எத்தனை லேன் ஓடுதுன்னு நோக்கு."

அவன் சொன்ன கட்டளையைத் தட்டினாள். நீளமாக ஓடிய வரிகளுக்கு நடுவில் அது இருந்தது. அந்தக் கார்டுக்குப் பதினாறு பாதை உண்டு. இப்போது திறந்திருப்பது ஒன்று. பக்கத்திலேயே, தரம் குறைந்துவிட்டது என்ற ஒற்றைச் சொல்.

"ஒன்னுதான் காட்டுது, ஜோபி."

"ஆஹா! பின்னெ எங்ஙனெ ஓடும்? உன் சீன் பெருசு, கார்டுல மெமரி சிறுசு. எல்லாம் போர்டுல இருந்து அந்த ஒத்த வழியில வரணும். பதினாறு வழி ரோட்டுல ஒரு வழி மட்டும் திறந்து வச்சா லாரியெல்லாம் எங்க போகும்? சாரமில்ல, பயப்படாத. கார்டைக் கழட்டி, அடியில தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்குமே, அதை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத் திரும்ப மாட்டு. சரியாவும்."

ஜெகன் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். "ஸ்பிரிட்டுதான? மெடிக்கல்ல கெடைக்கும். இந்தா வந்திர்றேன்."

வண்டிச் சத்தம் ரோட்டில் திரும்பியதும் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. துடைக்க அவன் வரட்டும், கழட்டி வைப்போமே என்று கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்தாள். கொக்கியை அழுத்திக் கார்டை மெல்ல இழுத்தாள். அது லேசில் வரவில்லை. ஒட்டினாற்போல் இருந்து, பிறகு விட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

தங்கப் பற்களின் மேல் மூன்று சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். வரிசையாக, ஒரே அளவில், மோதிர விரலால் பொறுமையாக வைத்தது. உள்ளே அழுத்தியதில் சந்தனம் இழுபட்டுப் பல்லுக்குப் பல் பரவிக் காய்ந்திருந்தது.

இந்து கார்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் அவன் சொல்லியிருக்கிறான். அவனுடைய அப்பா வீரபாண்டி தேயிலை பாக்டரியில் ரோலர் ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு மெஷினையெல்லாம் கழுவிச் சந்தனம் வைப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் பெயிண்ட்டின் மேல் எங்கேயாவது அப்பிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் உலோகம் வெறுமனே தெரிகிற இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேதான் வைப்பாராம். "அங்கதான் மெஷினுக்கு உசுரு. அந்த வருசம் பூராம் அது நம்மளக் கைவிடாதும்பாரு" என்று ஜெகன் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்றுகூட அவளுக்கு நினைவிருந்தது.

கார்டில் உலோகம் பளிச்சென்று வெறுமனே தெரிகிற இடம் அதுதான். உயிர் இருக்கும் இடத்தைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தான்.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தாள். ஆனால் இதை அவன் பார்த்தால் என்ன ஆவான் என்று நினைத்த கணத்தில் அந்தக் கோபம் நீர்த்துப்போனது. மலைக்குப் போக வேண்டாம் என்றுதானே இத்தனை பக்தியாக வைத்தான். அவள் அழிரப்பரைத் தேடி எடுத்துப் பற்களைத் தேய்க்கத் தொடங்கினாள். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. கார்டு சுத்தமானது. ஆனால் போர்டில் அது உட்காரும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்தபோது, ஊசி ஊசியான கம்பிகளுக்கு இடையில் சந்தனம் சேறுபோல இறுகிக் கிடந்தது.

ஜெகன் திரும்பி வரும்போது பத்தரை தாண்டிவிட்டது. இங்கே கடை பூட்டியிருந்ததாம். கொழிஞ்சாம்பாறை வரைக்கும் போய் வந்திருந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"குடு, நான் தொடைக்கேன்."

"வேண்டாங்க!" அவள் உடம்பைத் திருப்பிப் பெட்டியை மறைத்துக்கொண்டாள். "நீங்க பக்கத்து ஊட்டு இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு வயர் இழுத்துட்டு வந்துருங்க. நடுவுல கரண்டு போச்சுன்னா அவ்ளோதான்."

"இந்த நேரத்துலயா?"

"சொன்னாக் கேளுங்க. ஓடுங்க."

அவன் ஓடினான். அவள் கொண்டையூசியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துப் பள்ளத்துக்குள் விட்டாள். இறுகியிருந்தது கரைந்தது, கரைந்தது கூழாகி இன்னும் உள்ளே இறங்கியது. இரண்டு பேராகச் செய்திருந்தால், ஒருவர் டார்ச் பிடிக்க ஒருவர் வழித்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். பத்து ஐம்பதுக்குக் கார்டை மாட்டிக் கிளப்பினாள். கட்டளையைத் தட்டினாள்.

ஒன்று.

பதினொன்றுக்கு அழைப்பு வந்தது. கம்பெனியிலிருந்து பேசிய ஸ்ரீரஞ்சனி பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவளாம். இந்துவின் ஊரைக் கேட்டதும் தமிழிலேயே பேசத் தொடங்கினாள். கதவு நின்று நின்று திறந்தது. மாடிப்படியில் ஏறும்போது திரை எட்டு நொடி அப்படியே உறைந்தது. இந்து விளக்கம் சொல்லிக்கொண்டே போனாள். தன் குரல் மட்டும் வீட்டுக்குள் போக, வீடு வாசலிலேயே நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"இந்து, உன் வேலை ரொம்ப நன்னா இருக்கு. அந்த ஜன்னல் வெளிச்சத்தை நான் பார்த்துண்டே இருந்தேன்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "ஆனா கிளையண்ட் உக்காந்துண்டிருக்கறச்சே இப்படி நின்னுடுத்துன்னா நான் என்ன சொல்ல முடியும்? சொல்லு."

"மேடம், ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா…"

"எனக்குப் பின்னாடி இன்னும் நாலு பேர் வெயிட் பண்றா. இன்னிக்கே முடிச்சாகணும்மா. வருத்தப்படாதே."

அழைப்பு துண்டானது. ஜெகன் கதவோரம் இன்வெர்ட்டர் வயரின் முனையைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தான். வயரை ஒழுங்காகச் சுருட்டிக் கீழே வைத்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அம்மா… ஆமா, நாந்தான். ஆபீஸ்ல சொல்லிரு. திங்கக்கிழம வந்து பேர் குடுத்திர்றேன்." மறுமுனையில் ராமுத்தாய் பாறைமேல் நின்று காற்றோடு பேசுவது உள்ளே வரைக்கும் கேட்டது. அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான். எம் புள்ள வந்திருவான், எம் புள்ள வந்திருவான் என்று யாரிடமோ திரும்பிச் சொன்னாள். "ஏம்மா அழுகுற, ரேஞ்சு போயிரும், இறங்கு மெதுவா," என்றான் ஜெகன்.

இந்து எதற்கென்று தெரியாமலே மறுபடியும் பெட்டியைத் திறந்தாள். இனி அவசரம் ஒன்றுமில்லை. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பி கம்பியாக, வரிசை வரிசையாகத் தேய்த்தாள். பஞ்சால் ஒற்றினாள். காயவிட்டாள். அடுக்களையில் உலை கொதித்து அடங்கியது. அரிசி போடவில்லை. கார்டை உட்கார வைத்துக் கிளப்பினாள்.

பதினாறு.

வீட்டைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபது. வழுக்கிக்கொண்டு போனது. படியேறினாள், மாடிக்குப் போனாள், ஜன்னலில் நின்று சரிவைப் பார்த்தாள். தேயிலை காற்றில் அசைந்தது. அவள் செய்து வைத்த காற்று அது; இன்றைக்கு முன் அதை அவளே பார்த்ததில்லை.

"ஏ புள்ள!" ஜெகன் பின்னால் வந்து நின்றிருந்தான். "ஓடுது! ஓடுதுல்ல! கூப்பிடு, அந்தம்மாவக் கூப்பிடு உடனே!"

அவனுக்காகத்தான் கூப்பிட்டாள். ஸ்ரீரஞ்சனி எடுத்தாள். ஆள் எடுத்தாயிற்று என்றாள். இப்பத்தான், கால் மணி நேரம் முன்னாடி. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஜெகனுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப காலையில என்னத்துக்கு ஓடல?" என்றான். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. "சின்னையன்தான். சீக்குப் பிடிச்ச கார்டத் தலையில கட்டிட்டான். அவன…" போனில் எண்ணைத் தேடினான்.

இந்து அவன் கையைப் பிடித்தாள். "அவரு மேல தப்பில்லீங்க."

"பின்ன?"

"தூசிங்க. உள்ள தூசி அடைச்சிருந்துச்சு."

"தூசியா?"

"ஆமாங்க."

ஜெகன் திரையைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், வாய் ஒரு பக்கமாகக் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. "ஒரு தூசியா புள்ள என்னைய மலைக்கு ஏத்துது?"

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நாந்தானுங்க முதல்லயே பார்த்துத் தொடச்சிருக்கோணும். என் தப்புத்தானுங்க."

"சீ, உன்மேல என்ன தப்பு? அழுவாத." அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். "தூசி கண்ணுக்கா தெரியுது? யாரு என்ன பண்ண முடியும். அழுவாத புள்ள, அழுவாத."

அவன் தேற்றத் தேற்ற அவளுக்கு அழுகை கூடிக்கொண்டே போனது. எதற்கு இவ்வளவு அழுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வருவேன் என்றான். பஸ் மூணாறிலிருந்து பொள்ளாச்சி வழியாக எத்தனை மணி நேரத்தில் வரும் என்று கணக்குச் சொன்னான். அடுத்த வருசம் வேற கம்பெனி பார்க்கலாம் என்றான். சொல்ல வேறொன்றும் இல்லாமல் போனபோது, "என் ஸ்வெட்டர எங்க வெச்சிருக்க?" என்று கேட்டான்.

இந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துத் திறந்து தேடத் தொடங்கினாள்.