தட்டு துடைக்கும் துணி

என் ஓரகத்திமேல் எனக்கு ஆத்திரம் வந்தது ஒரு துணியால்தான். என் கணவரின் தம்பி மனைவி அவள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரே வீடு, ஒரே சமையலறை. ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை நடுவில் வைத்தாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். நம் வீட்டில் பாத்திரம் துடைக்கும் துணியிலிருந்து வளர்ந்த கிருமிகளாம். மாமனார் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். துணியைத் துவைப்பவள் நான். என் மானம் கப்பலேறியது.

மறுநாளே பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்தாள். இனி யாரும் துடைக்க வேண்டாம், கவிழ்த்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும் என்றாள். பெரிய கண்டுபிடிப்புதான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்களுக்கு ஒரு துணி போயிற்று, அவ்வளவுதான். நான் நாள் முழுக்க ரயில் நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவள். என் கணவர் வேலை முடிந்து வந்தால் சாப்பாடு, படுத்தால் குறட்டை. நாங்கள் இருவரும் தனியாகப் பேசுவது சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம்தான். நான் கழுவித் தருவேன், அவர் துடைப்பார். ஸ்டாண்டு வந்த நாளிலிருந்து அவர் கை கழுவிய கையோடு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

இவளைச் சும்மா விடுவதா? கறுவிக்கொண்டே காத்திருந்தேன். ஸ்டாண்டுக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஒரு ட்ரே உண்டு. வாங்கியவளே கொட்டட்டும் என்று நான் தொடவில்லை; அவளும் தொடவில்லை. பத்தே நாளில் அது வழவழவென்று பாசி பிடித்தது. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அவள் வேலை செய்யும் இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே பாட்டிலில் பெயர் ஒட்டமாட்டார்கள், எண் மட்டும்தான். நான்காம் நாள் அறிக்கை கிடைத்தது. 'பாத்திரம் கழுவக்கூட உகந்ததல்ல' என்று எழுதி, கீழே என் ஓரகத்தியே கையெழுத்துப் போட்டிருந்தாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து, அறிக்கையை மாமனாரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். பிறகுதான் அது எந்தத் தண்ணீர் என்று சொன்னேன். ஓரகத்தியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அதுவும் போதவில்லை.

"துணியத் திருடிட்டுப் போய் என்னை அசிங்கப்படுத்துனியே, இப்ப உன் கையெழுத்தே உன்னைக் காட்டிக்குடுத்திருச்சு பாத்தியா?"

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு என் கணவரைப் பார்த்தாள்.

"நான் திருடலக்கா. டெஸ்ட் பண்ணிப் பாருன்னு அவர்தான் குடுத்தாரு."

அவர் மறுக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"தினமும் நின்னு துடைக்க முடியல. நேரா சொன்னா நீ சண்டைக்கு வருவ."

பத்து நிமிடம். என்னோடு பத்து நிமிடம் நிற்கக் கசந்துதான் இந்த மனுஷர் என்னைச் சபையில் தலைகுனிய வைத்திருக்கிறார். ஓரகத்திமேல் இருந்த கோபம் அப்படியே ஆள் மாறியது.

ஸ்டாண்டைத் தூக்கிப் பின்கட்டில் போட்டேன். புதுத் துணி ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டேன். சாப்பிட்ட தட்டுகளோடு நிறுத்தவில்லை. விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த தட்டுகள், பரணில் கிடந்த அண்டா, மூடி, கரண்டி என்று வீட்டில் இருந்த அத்தனையையும் இறக்கிக் கழுவினேன். உதவிக்கு வந்த ஓரகத்தியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் பொழுது சாயும்வரை நின்று துடைத்தார். நடுவில் ஒருமுறை என்னிடம் ஏதோ பேச வாயெடுத்தார். நான் அடுத்த தட்டை நீட்டினேன்.