பத்து அடியும் ஒரு ஜோடி பூட்ஸும்

காப்பகத்தில் தவழும் பிள்ளைகள் அறை நிறைந்துவிட்டது. நடக்கும் பிள்ளைகள் அறையில் ஒரே ஓர் இடம் இருந்தது. ஒரு வயது முடிந்த என் மகள் பொறுப்பாளர் அம்மாவின் கண்முன் பத்து அடி நடந்தால் சேர்க்கை. இல்லையென்றால், திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டிய என் மனைவி வீட்டோடு இருக்கவேண்டியதுதான்.

வீட்டில் வெறுங்காலோடு மகள் பதினைந்து அடி நடப்பாள். கெடுத்தவன் என் மச்சான். கட்டட வேலையாட்களுக்கு பூட்ஸ் விற்கும் கடையில் இருக்கிறான். கனமில்லாத காலணியை அவன் காலணியாகவே மதிப்பதில்லை. மருமகளுக்கென்று ஒரு ஜோடி தேடிப்பிடித்துக் கொண்டுவந்தான்.

"முன்னாடி தட்டிப் பாருங்க அத்தான். செங்கல் விழுந்தாலும் விரலுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏன்டா, அவ என்ன சித்தாள் வேலைக்கா போறா?"

"ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், சும்மா இருங்க," என்றாள் மனைவி.

அதையே மாட்டி, மூவருமாகக் கூட்டிப்போனோம். காப்பகத்து நடையில் இறக்கிவிட்டதும் மகள் நட்டுவைத்த கம்பம்போல நின்றாள். பிறகு பொத்தென்று உட்கார்ந்தாள்.

பொறுப்பாளர் அம்மா ஒரு பூட்ஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"இது என்ன, உலக்கைப் பூணா? நடை பழகுற பிள்ளைக்கு வெறுங்கால் போதுங்க. தரை காலுக்குத் தெரியணும். வெளிய போனா மெத்துன்னு, விரல் விரிய இடம் இருக்கிறதா பாத்து வாங்குங்க."

மச்சான் முகம் செத்துவிட்டது. மற்ற பூட்ஸையும் கழற்றி, இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். தன் சொத்து போவதைப் பார்த்த மகள் "ஆ! ஆ!" என்று எழுந்து பின்னாலேயே போனாள்.

"அஞ்சு… ஆறு…" என்று எண்ணினார் பொறுப்பாளர் அம்மா.

மச்சான் தயங்கினான். அவன் நின்றால் இவளும் உட்கார்ந்துவிடுவாள்.

"நிக்காதடா! வெளிய போ!" என்று கத்தினேன்.

"அத்தான்?"

"திரும்பாத! போய்த் தொலை!"

அவன் வேகமாக நடந்தான். அவளும்தான். பன்னிரண்டு அடி. பொறுப்பாளர் அம்மா நோட்டைத் திறந்து பெயர் எழுதினார். மச்சான் பஸ் ஏறியிருந்தான், பூட்ஸோடு.

மாலையில் மனைவி போன் போட்டு விளக்கினாள்.

"என் பூட்ஸ் இல்லன்னா அவ நடந்திருப்பாளா? அத்தானைச் சொல்லச் சொல்லு," என்றானாம்.