மத்தியாஸ் என்று சொன்னவன்

தீவின் லம்பா லைன் குடியிருப்பில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கர்களின் நன்மரண சபைக்குச் சின்னப்பன் தலைவரான பிறகு, புதிதாக ஒருவரும் அதில் சேர முடியவில்லை. தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து, கடல்துறைப் பட்டறையில் படகு பழுது பார்த்துக்கொண்டிருந்தார் அவர். மெயின்லேண்டிலிருந்து வருகிற எவனையும் அவர் நம்புவதில்லை. "கப்பலை விட்டு எறங்குதவன் எல்லாம் ஒரு கதையோடதான் எறங்குதான்" என்பார்.

சபையின் முதல் கடமை, சாகக் கிடக்கும் உறுப்பினரைத் தனியே விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பது. சொந்தபந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால், தீவில் இந்தக் கடமைக்குக் கனம் அதிகம்.

எழுபதாம் ஆண்டு மழைக்காலத்தில், ஆஸ்பத்திரி சமையற்கட்டில் வேலை பார்த்த சிலுவைராஜ் பட்டறைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, வார்டுல மத்தியாஸ்னு ஒருத்தர் மஞ்சக்காமாலை முத்திக் கெடக்காரு. மணப்பாட்டுல நன்மரண சபையில இருந்தாராம். கழுத்துல நம்ம சுரூபம் கெடக்கு. ஆளை அனுப்பச் சொல்லுதாரு."

"இத்தனை நாளு பூசைக்கு வராதவன் இப்பம் எங்கேருந்து முளைச்சான்?"

மாலையில் சின்னப்பன் போனார். கட்டிலில் கிடந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கண்கள் மஞ்சளாக உள்ளே போயிருந்தன. கழுத்தில் சூசையப்பர் உருவம் பதித்த சபைச் சுரூபம். சின்னப்பன் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"சபை ஜெபத்தைச் சொல்லும்."

"மறந்துபோச்சுங்க. காய்ச்சல்ல…"

"கச்சான் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"

அவன் விழித்தான். "காத்துல என்னங்க பக்கம்?"

மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்த சிறுபிள்ளைகூடக் கச்சான் என்றால் மேற்கே கை காட்டும். சின்னப்பன் திரும்பி வெளியே வந்துவிட்டார். அந்தச் சுரூபம் யாருடையது, அது இவன் கழுத்துக்கு எப்படி வந்தது என்ற யோசனை அவரை விடவில்லை.

மறுநாள், அவன் கூலி வேலை செய்த கேம்ப்பைத் தேடிப் போனார். கான்ட்ராக்டர் சொக்கலிங்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தியாஸா? நம்ம லேபர்ல அப்படி ஆளே கிடையாதே. மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரியில போட்டது பாலசுப்பிரமணியத்தை. திருத்துறைப்பூண்டிப் பக்கம். நல்ல ஆத்மி, தங்கமான ஆளு. ஏன், ஏதும் கட்பட்டா, தகராறா?"

சின்னப்பன் நேரே வார்டுக்குப் போய்க் கட்டிலருகே குனிந்தார்.

"பாலசுப்பிரமணியம்."

மூடியிருந்த கண்கள் சட்டென்று திறந்தன.

"மத்தியாஸ் எங்கல?"

"செத்துட்டாருங்க."

"நீ என்ன செஞ்ச அவனை?"

"ஐயோ, காய்ச்சலுங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கப்பல்ல, பங்க் கிளாசு அடுக்குக் கட்டில்ல எனக்குப் பக்கத்துல படுத்திருந்தாரு. சபை ஆளு யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. யாரும் இல்ல. என்னைக் கையைப் புடிச்சுக்கச் சொன்னாரு. புடிச்சுக்கிட்டேன். ஜெபம் சொல்லுன்னாரு. எனக்கு என்னங்க தெரியும்? எங்க ஊரு மாரியம்மன் பேரைச் சொன்னேன். சொல்லிக்கிட்டே இருன்னாரு. விடியும்போது உசுரு போயிடுச்சு. கடல்லயே இறக்கிட்டாங்க. உசுரு போறதுக்கு முன்னாடி இதைக் கழட்டிக் குடுத்து, உனக்கு ஏதாச்சும் ஆனா காட்டு, வருவாங்கன்னாரு."

"உன் பேரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாமே?"

"பாலசுப்பிரமணியம்னு சொன்னா வந்திருப்பீங்களா?"

சின்னப்பன் கதவு வரை போனார். பொய் சொல்கிறவன் இப்படித்தான் கேட்கிறவன் மனம் இளகுகிற மாதிரி சொல்வான் என்று நினைத்தார். நோயில் கிடந்த மத்தியாஸை அப்படியே விட்டுவிட்டு, உடைமையைத் தூக்கிக்கொண்டு வந்தவனாகக்கூட இருக்கலாம். திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி வீட்டு ஆட்கள் பால் சொம்பும் பழமுமாக நின்றார்கள். இவன் கட்டிலைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவன் இரும்புச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நீ சொன்னதை நான் நம்பல. அதையும் சொல்லிப்போடுதேன்."

"சரிங்க."

"ஆனா இருக்கேன்."

கையைப் பிடித்தார். அனலாகக் கொதித்தது. சபை ஜெபத்தை மெல்லச் சொல்லத் தொடங்கியதும் அவனும் ஏதோ முணுமுணுத்தான். மாரியம்மனாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அவர் தொடர்ந்தார்.

சபையில் மற்றவர்களும் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். சின்னப்பன் யாரிடமும் அவனுடைய உண்மைப் பெயரை மறைக்கவில்லை.

அவன் சாகவில்லை. மஞ்சள் இறங்கியது, கஞ்சி கேட்டான், சுவரைப் பிடித்து நடந்தான். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். தென்கோடித் தீவில், கேம்பல் பேயில் காடு வெட்ட ஆள் எடுக்கிறார்கள், அந்தக் கும்பலோடு கப்பலேறப் போகிறான் என்று சொக்கலிங்கம் சொன்னார். சின்னப்பன் கப்பல்துறை ஜெட்டிக்கு ஓடினார். கப்பலில் ஏறும் பாலத்தை எடுத்தாகிவிட்டது. மேல்தளத்துக் கம்பியருகே அவன் நின்றான். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்கமா, பயமா, வேறு எதையாவது மறைக்கிறானா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கிருந்த கலாசிகளிடம், கப்பல் வேலையாட்களிடம் விசாரித்தார். அவன் மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பலில் ஒரு பிணத்தைக் கடலில் இறக்கினார்கள் என்றான் ஒருவன். அது வேறொரு பயணம் என்றான் இன்னொருவன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் சிலுவைராஜ் கேட்டேவிட்டான்.

"அப்ப நாம ஏமாந்துட்டோமாண்ணே?"

"ஏமாந்திருக்கலாம்."

"இனிமே நல்லா விசாரிச்சுட்டுத்தான் போகணும்னு ஒரு விதி போட்டுருவோமா?"

எல்லோரும் சின்னப்பனைப் பார்த்தார்கள். அவர் உடனே தலையாட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

"அவன் சொன்னது பொய்யாயிருக்கலாம்ல. ஆனா கட்டில்ல கெடந்தது பொய் இல்ல. விதி ஒண்ணும் வேண்டாம்."

சிலுவைராஜ் தயங்கிக்கொண்டே வாயைத் திறந்தான். "இன்னொரு ஆளு கெடக்காருண்ணே. வடக்கே ரங்கத்துலேருந்து கப்பல்ல கொண்டாந்த பெங்காலிக் கிழவர். பார்க்க ஒருத்தரும் வரல்ல. நம்ம சபையும் இல்ல, கோயிலும் இல்ல."

"அவரு நம்மளைக் கேட்டாரா?"

"இல்ல. நானாத்தான் சொல்லுதேன்."

சின்னப்பன் அவன் முகத்தைச் சந்தேகத்தோடு கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு எழுந்து குடையை எடுத்தார்.

"எந்த வார்டு?"