சுவரோடு வந்த விதை

உக்குவளையில் ஜுனைதாவிடம் விதை கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். கத்தரி விதை வேண்டுமா, கொச்சிக்காய் விதை கொண்டு வா. பாகல் வேண்டுமா, பயிற்றை கொண்டு வா. கொண்டு வந்தாலும் இலேசில் விடமாட்டாள். உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, சொத்தையைத் தள்ளி, தன்னுடைய கரண்டியால்தான் அளப்பாள். அந்தக் கரண்டி வாங்கும்போது பெருக்கும், கொடுக்கும்போது சிறுக்கும் என்று பெண்கள் அவள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கரண்டியை மட்டும் மாற்றமாட்டாள்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பலில் வந்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் நின்று போய், ரேடியோவைத் திறந்தால் பயிர் செய்யுங்கள் என்ற பேச்சாகவே இருந்தது. முற்றத்தில் ரோஜா வைத்திருந்தவர்கள்கூட அதைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள். கடையில் நல்ல தக்காளி விதை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ஆகவே பழத்தைத் தின்றுவிட்டு விதையை எடுத்து வைப்பதும், வைத்ததை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும் ஊரில் பெரிய காரியமாகிவிட்டது. கலியாண வீட்டில்கூட மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கிறவர்களைவிட, உங்கள் வீட்டுத் தக்காளி எப்படி என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

எல்லா விதையையும் மாற்றிய ஜுனைதா ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. அதுதான் மடிப்புத் தக்காளி. சின்னப் பூசணிக்காய் போல மடிப்பு மடிப்பாக, உள்ளங்கை நிறையக் காய்க்கும். ஒரு பழம் போட்டால் ஒரு சட்டி மீன் ஆணத்துக்கு வேறு புளி தேவையில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போனபோது, பங்களாத் தோட்டக்காரனிடம் முட்டையிடுகிற கோழி ஒன்றைக் கொடுத்து அவள் வாங்கிய பழங்களின் வம்சம் அது. கோழி போன கவலை அவளுடைய கணவன் பதுர்தீனுக்கு இன்னும் தீரவில்லை.

அந்த மடிப்புத் தக்காளிக்கு ஒரேயொரு குறை. மழை பிடித்தால் சுருண்டு விழுந்துவிடும். போன வருடம் அடைமழையில் தன் செடிகளெல்லாம் அவிந்து கிடந்தபோது, ஜுனைதா ரயிலடிப் பக்கமாகப் போனாள். ஸ்டேஷன் மாஸ்டர் குவார்ட்டர்ஸின் பின்புறம், கொட்டுகிற மழையில் நீர் சொட்டச் சொட்ட ஒரு தக்காளிச் செடி நிமிர்ந்து நின்றது. கொடி கொள்ளாத காய், முட்டை முட்டையாக. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செடிக்குச் சொந்தக்காரி ஸ்டேஷன் மாஸ்டர் ஜெயரட்ணத்தின் மனைவி மங்கையற்கரசி. வடக்கிலிருந்து வரும்போது விதையைக் கொண்டு வந்தவள். மடிப்புத் தக்காளியின் மேல் அவளுக்கும் ஒரு கண். ஆனால் எது பெரிது, எத்தனை கரண்டிக்கு எத்தனை கரண்டி என்று இருவரும் மாதக் கணக்கில் பேரம் பேசினார்கள். ஜுனைதாவுக்குச் சரியான ஜோடி கிடைத்துவிட்டது என்று ஊர் வேடிக்கை பார்த்தது. திடீரென்று ஜெயரட்ணத்துக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. மாதக் கணக்கில் முடியாத பேரம் நாலே வார்த்தையில் முடிந்தது.

"ஒரு கரண்டிக்கு ஒரு கரண்டி" என்றாள் மங்கையற்கரசி. "நாங்கள் வெளிக்கிடுற அண்டைக்குக் காலமை ரயிலடிக்குக் கொண்டு வாரும். கரண்டி என்ரை கரண்டி."

ஜுனைதா விதை காக்கும் முறை அந்த ஊர் முறைதான். பழுத்த பழத்தைப் பிசைந்து, சாம்பலோடு கலந்து, குசினியின் பின்பக்க மண்சுவரில் அடை அடையாக அப்பிவிடுவாள். அடுப்பு வெக்கை பட்டுக் காய்ந்து அங்கேயே இருக்கும். பூச்சி அண்டாது, எலி தேடாது. தேவைப்படும்போது நீர் தெளித்துச் சுரண்டி எடுப்பாள். போன வருட அடைமழைக்கு முந்திய கடைசி மடிப்புத் தக்காளிகள் எல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தன. விதை சுவரை விட்டு வந்த சூட்டோடு கை மாறினால்தான் நல்லது என்று, சுரண்டுவதைக் கடைசிக் காலை வரைக்கும் வைத்திருந்தாள்.

அந்தக் காலையும் வந்தது. ஜுனைதா சுபஹைத் தொழுதுவிட்டு, ஒரு கையில் சிரட்டையும் மறு கையில் கத்தியுமாகக் குசினிக்குப் பின்னால் போனாள். மங்கையற்கரசியின் மழைத் தக்காளி இன்றைக்குத் தன் கைக்கு வரப் போகிறது என்ற சந்தோஷத்தில் கால் நிலத்தில் பாவவில்லை.

சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது.

"யா அல்லாஹ்!" சிரட்டை கையை விட்டு விழுந்தது. "இஞ்ச வாங்க! இந்தச் சுவத்துக்கு என்ன செஞ்சீங்க?"

பதுர்தீன் பல் துலக்கியபடியே ஓடி வந்தான். முகத்தில் பெருமை. "நேத்து நீ பயான் கேக்கப் போன நேரம் அடிச்சேன். நோம்பு வருது, சுண்ணாம்பு அடிங்க, சுண்ணாம்பு அடிங்கன்னு ஒரு மாசமா நீதானே செல்லிட்டு ஈந்த? முன்சுவரு மட்டும் அடிச்சாப் பின்சுவரு ஊத்தையாத் தெரியுது. ஏதோ சாம்பலும் அழுக்கும் அப்பிக் கெடந்திச்சு. ரெண்டு பூச்சு அடிச்சேன்."

"ரெண்டு பூச்சா!"

அதற்கு மேல் ஜுனைதாவுக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வராத ஜுனைதாவை அவன் அதுவரை கண்டதில்லை. ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று அதிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. வேறு யாரிடமாவது அந்த விதை இருந்தால் ஓடிப் போய் வாங்கலாம். யாரிடமும் இல்லை. யாருக்கும் கொடாமல் காத்த லட்சணம் அது. முழு வம்சமும் அந்த ஒரு சுவரில், சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தது.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஆஸியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இதுக்கா ராத்தா அழுறீங்க? எங்கட வீட்டுல கடைத் தக்காளிட விதை காய வச்சீக்கி. ஒரு கரண்டி தாரேன், குடுங்க. தக்காளி விதையெல்லாம் பாத்தா ஒண்ணு போலதான். அவங்க வவுனியா போய் நட்டுக் காய்க்கிறதுக்குள்ள நாலஞ்சு மாசம் ஆகும். திரும்பி வந்து சண்டை புடிக்கவா போறாங்க?"

சொன்னதில் பிழையில்லை. விதையைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஜுனைதாவின் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாயாமல் என்ன செய்யும்? மழையில் நின்ற செடி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் கண்ணுக்குள் வந்தது. வவுனியாவின் வெயிலில் அந்த மனுசி வாளி வாளியாக நீர் சுமக்கிறாள். காய் மடிப்பு வைக்குமா, மடிப்பு வைக்குமா என்று தினமும் குனிந்து பார்க்கிறாள். கரண்டியில் கொஞ்சம் ஏமாற்றலாம். இதில் ஏமாற்ற அவளால் முடியாது.

"ஏலாது ஆஸியா" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "அலவாங்கைக் கொண்டு வாங்க."

"அலவாங்கு என்னத்துக்கு?"

"சுவத்தை ஒடைக்க."

சுண்ணாம்பைச் சுரண்டினால் விதையும் சேர்ந்து நொறுங்கிவிடும் என்று அவளுக்குப் பட்டது. ஆகவே விதை அப்பியிருந்த இடத்தை, மண்ணோடும் சுண்ணாம்போடும் ஒரு பலகை போலப் பெயர்த்தெடுக்கச் சொன்னாள். பதுர்தீன் தன் கையால் அடித்த சுவரைத் தன் கையாலேயே இடித்தான். பின்சுவரில் ஓர் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதன் வழியாக அடுப்பும் சட்டியும் தெரிந்தன. பெயர்த்த மண் கட்டியைச் சுளகில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு, முக்காட்டை இழுத்துச் செருகி, ஜுனைதா புறப்பட்டாள்.

மாத்தளைப் பக்கமிருந்து ரயில் கூவியது.

அவள் ஓடினாள். நடு வயசுக்காரி ஒருத்தி தலையில் சுவர் வைத்துக்கொண்டு ஓடுவதைக் கண்டி வீதி அதற்கு முன்பு பார்த்ததில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பின்னால் பதுர்தீன், வாயில் பல்பொடி நுரையோடு, "மெதுவா, மெதுவா, விழுந்துருவாய்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். யாருக்கோ ஆபத்து என்று நினைத்து இன்னும் சிலரும் கூடவே ஓடினார்கள். ஜுனைதாவுக்கு மூச்சு முட்டியது, விலா குத்தியது, இருந்தும் உள்ளுக்குள் ஏனோ ஓர் உற்சாகம் பொங்கியது. அவள் சின்னப் பிள்ளையில் ஓடியதோடு சரி.

ரயில் நின்று கொண்டிருந்தது. ஜன்னலோரம் மங்கையற்கரசி, கையில் சின்னச் சீலைப் பொட்டலத்தோடு, கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஜுனைதா! வரமாட்டீரோ எண்டு நினைச்சன்! என்னப்பா இது தலையிலை?"

"விதை அக்கா. இதுக்குள்ளதான் ஈக்கி." மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னாள். "இவரு சுண்ணாம்பு அடிச்சிட்டாரு. முளைக்குமோ, முளைக்காதோ, அல்லாஹ்தான் அறிவான். வேற விதை தந்து ஒங்கள ஏமாத்த எனக்கு மனசு வரல்ல. இத ஒரு கரண்டின்னு கணக்கு வைக்க ஏலாது. நீங்க ஒங்கட விதையத் தரவும் தேவல்ல. காட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

மங்கையற்கரசி சுளகையே பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற பதுர்தீனின் கோலத்தைப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"மங்கை, ரயில் வெளிக்கிடப் போகுது" என்று உள்ளேயிருந்து ஜெயரட்ணம் பதறினார்.

"பொறுங்கோ!" அவள் இரண்டு கையையும் வெளியே நீட்டி மண் கட்டியைப் பிடித்து, சரி நடுவே உடைத்தாள். ஒரு பாதியை உள்ளே இழுத்து மடியில் வைத்தாள். புதுச் சேலை முழுக்கச் சுண்ணாம்பு. மறு பாதியைச் சுளகிலேயே விட்டு, அதன் மேல் தன் சீலைப் பொட்டலத்தை வைத்தாள். "இது மழைத் தக்காளி. அளக்கேல்லை, இருந்தது முழுக்கக் கட்டிப் போட்டன். சுவரிலை பாதி எனக்கு, பாதி உமக்கு. உமக்கு முளைச்சா எனக்குச் சொல்லும். எனக்கு முளைச்சா நான் சொல்லுறன். ஆருக்கு முளைச்சாலும் ரெண்டு பேருக்கும்தானே?"

கொடி அசைந்தது, ரயில் நகர்ந்தது. கரண்டிக் கணக்குப் பேசப் பிறந்த ஜுனைதா, கரண்டியையே மறந்து சுளகோடு மேடை நுனி வரைக்கும் கூடவே நடந்தாள்.

மழைத் தக்காளி குறித்த நாளில், ஒன்று விடாமல் முளைத்தது. மடிப்புத் தக்காளி முளைக்கவில்லை. மண்ணைப் பொடித்து, ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் இட்டு, கூரை இறப்புக்குக் கீழே வைத்துத் தினமும் எட்டி எட்டிப் பார்த்தாள். நோன்பு தொடங்கியது. பின்சுவர் ஓட்டையைச் சாக்கால் மூடி வைத்திருந்த பதுர்தீன், தகரத்தின் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

ஒரு நாள் காலையில் இரண்டு பச்சைத் தலைகள் தெரிந்தன. ஒன்று தடித்து நிமிர்ந்திருந்தது. மற்றது நூல் போல. களையாகவும் இருக்கலாமே என்று ஜுனைதா மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, இலையை மெல்ல வருடி விரலை முகர்ந்தாள். தக்காளி வாசம்! சாட்சாத் தக்காளி வாசம்!

நோன்பு பிடித்த களைப்பெல்லாம் எங்கே போனதோ, நேரே ரயிலடிக்கு ஓடினாள். புதிய ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்களவர். வவுனியாவுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். ரயில்வே டெலிபோன் ரயிலுக்குத்தான், தக்காளிக்கு அல்ல என்றார் அவர். அந்த விதையே ரயிலில்தானே போனது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோற்றுப் போனவராக அவர் டெலிபோனைச் சுழற்றினார். செய்தி கண்டிக்குப் போய், பொல்காவலைக்குப் போய், ஸ்டேஷன் ஸ்டேஷனாக வடக்கே ஏறியது. ஒவ்வொரு இடத்திலும் "என்ன முளைத்தது?" என்று திரும்பக் கேட்டார்களாம்.

பதில் வர மத்தியானம் தாண்டியது. அதற்குள் மனைவியைத் தேடிப் பதுர்தீனும் வந்து பக்கத்தில் குந்திவிட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வவுனியாவில் ஒரு விதைகூட முளைக்கவில்லையாம்; மண் கட்டி கரைந்து வெறும் சேறாகிவிட்டதாம். ஆனால் மங்கையற்கரசி நோனா அதற்காகக் கவலைப்படவில்லை, என் பங்கு ஜுனைதாவிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜுனைதா தகரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பதுர்தீன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதல் தடவையாகக் கிட்ட வந்து குனிந்து பார்த்தான்.

"ரெண்டுதான் ஈக்கி. இதுல அவங்கட எது, நம்மட எது?"

ஜுனைதா யோசிக்கவே இல்லை. தடித்து நிமிர்ந்து நின்றதைத் தொட்டாள்.

"இது அக்காட" என்றாள்.

அவள் அந்தச் செடியைச் சுற்றி ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக நட்டு வேலி கட்டத் தொடங்கினாள்.